மூலம் என்று அழைக்கப்பட்ட புண்: தண்டையார்பேட்டையில் ஒரு கிரோன் நோயாளியின் 16 மாதங்கள்

நோயாளி முதலில் வந்தபோது

23 வயது இளைஞர் ஒருவர், தாயாருடன், தண்டையார்பேட்டையில் உள்ள என் கிளினிக்குக்கு மாலை நேரத்தில் வந்தார். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறார். காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரை நின்றுகொண்டே இருக்க வேண்டிய வேலை. எட்டு மாதங்களாகச் சாப்பிட்ட அரைமணி நேரத்துக்குள் அடிவயிற்றின் வலப்பக்கம் முறுக்கிப் பிடிப்பதாகவும், நாளுக்கு நான்கைந்து முறை பேதியாவதாகவும், கடையில் கழிப்பறைக்கு அடிக்கடி போக வேண்டியிருப்பதால் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டதாகவும் சொன்னார். "அல்சர்னு மாத்திர குடுத்தாங்க சார், கேக்கல" என்றார். தாயாரோ, "இவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே சூட்டு ஒடம்பு" என்றார். (நோயாளியின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்; அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

அவர்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையில் ஐந்து வெவ்வேறு கிளினிக்குகளின் சீட்டுகள் இருந்தன. ஐந்திலும் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் இருந்தது. மூன்றில் கிருமிக்கொல்லிகளான சிப்ரோஃப்ளாக்சசின், டினிடசோல் கூட்டு மாத்திரை. முழங்கால் வலிக்காக இரண்டில் டைக்ளோஃபெனாக் ஊசி. ஒரு சீட்டில்கூட எடை குறிக்கப்படவில்லை. எங்கள் பகுதியில் வயிற்றில் எங்கே வலித்தாலும் அதற்கு அல்சர் என்று பெயர். நோயாளி அந்தச் சொல்லோடு உள்ளே வரும்போது, நாற்பது பேர் காத்திருக்கும் மாலையில், மருத்துவரும் அதையே திருப்பி எழுதி அனுப்பிவிடுவது எளிது. நானும் அன்று என் குறிப்பில் "குடல் எரிச்சல் நோய்க்குறியோ?" என்றுதான் முதலில் எழுதினேன்; குடலில் புண்ணோ அழற்சியோ இல்லாமலே படுத்தும் தொந்தரவு அது. பிறகு எடை பார்க்கச் சொன்னேன்.

எடை 46 கிலோ. உயரம் 168 செ.மீ.; உடல் நிறை குறியெண் 16.3. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கல்லூரி முகாமில் இரத்ததானம் செய்தபோது கொடுத்த அட்டை அவருடைய பர்ஸில் இருந்தது. அதில் 58 கிலோ என்று எழுதியிருந்தது. மெலிய வேண்டும் என்று எந்த முயற்சியும் செய்யாத ஓர் இளைஞரின் உடலிலிருந்து 12 கிலோ போயிருக்கிறது என்றால், அங்கே குடல் எரிச்சல் நோய்க்குறி என்ற பெயருக்கு இடமில்லை. அடுத்து, தூக்கத்திலிருந்து எழுந்து மலம் கழிக்கப் போவதுண்டா என்று கேட்டேன். "ரெண்டு மூணு தபா எழுந்துக்குவேன் சார்" என்றார். குடல் எரிச்சல் நோய்க்குறி பகலில் எவ்வளவு படுத்தினாலும், தூங்குபவரை எழுப்புவது அரிது. இரவில் எழுப்பும் பேதிக்கு உடலில் புண்ணோ அழற்சியோ இருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். எழுதியதை அடித்துவிட்டு இரத்தப் பரிசோதனைகளுக்கும் மலப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் அன்று ஆசனவாயைப் பரிசோதிக்கவில்லை. தாயார் அருகில் நின்றார், நோயாளி கூச்சப்பட்டார், நான் வற்புறுத்தவில்லை. இந்த ஆய்வை எழுதுவதற்கு அந்த விடுபடலும் ஒரு காரணம்.

இரண்டாம் வருகை

பத்து நாள்களில் முடிவுகள் வந்தன. ஹீமோகுளோபின் 9.2 கிராம், சிவப்பணுக்களின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 72, தட்டணுக்கள் 5,40,000, ஆல்புமின் 2.9 கிராம், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. லிட்டருக்கு 38 மில்லிகிராம். எச்.ஐ.வி. இல்லை, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருளும் இல்லை, மலத்தில் ஒட்டுண்ணிகள் இல்லை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 62 என்று வந்திருந்தது. ஆய்வகத் தாளில் அந்த எண் இயல்பான வரம்புக்குள் அச்சாகியிருந்ததால், இரும்புச்சத்து போதுமானது என்று யாரும் ஏமாறக்கூடும். உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாக உயரும். அந்நிலையில் 100 வரை உள்ள அளவும் இரும்புக் குறைபாட்டோடு பொருந்தும். சிறிய சிவப்பணுக்கள், உயர்ந்த தட்டணுக்கள், தாழ்ந்த ஆல்புமின் ஆகிய மூன்றும் சேர்ந்து நிற்கும் ஒரு வயிற்றுப்போக்கு நோயாளியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் எண்ணம். இவை எந்தச் சிறு ஆய்வகத்திலும் கிடைக்கும் பரிசோதனைகள்.

மலத்தில் கால்புரோடெக்டின் அளவு கிராமுக்கு 890 மைக்ரோகிராம். 50-க்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 250-க்கு மேலே போனால் தீவிர அழற்சி இருக்கிறது என்று கொள்ளலாம். இடைப்பட்ட அளவுகளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளாலும் இது உயரும் என்பதால் கடைசி ஊசி எப்போது என்று கேட்டேன்; ஆறு வாரங்களுக்கு முன் என்றார். அழற்சி உண்டா இல்லையா என்பதைத்தான் இந்தப் பரிசோதனை சொல்லும். அது கிரோன் நோயா (உடலின் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்கி உண்டாக்கும் நீடித்த அழற்சி), குடல் காசநோயா என்பதைச் சொல்லாது.

இம்முறை தாயாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஆசனவாய்ப் பக்கம் ஏதாவது தொந்தரவு உண்டா என்று நேரடியாகக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "மூலம் இருக்கு சார், ரெண்டு வாட்டி ஆபரேஷன் பண்ணியாச்சு" என்றார். பரிசோதித்தபோது மூலம் எதுவும் இல்லை. ஆசனவாய்க்கு இடப்பக்கம் இரண்டு பழைய கீறல் தழும்புகளும், அவற்றின் நடுவே சீழ் கசியும் சிறு துளையும், தடித்த இரண்டு தோல் மடிப்புகளும் இருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருமுறையும், அடுத்த ஆண்டு இன்னொரு முறையும் அவ்விடத்தில் கட்டி வந்து, கீறிச் சீழ் எடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு துளை மூடவே இல்லை. உள்ளாடையில் துணி வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளாக வேலைக்குப் போய்வந்திருக்கிறார், தாயாருக்கும் தெரியாது.

இப்படிச் சீழ் கசியும் துளைக்குப் பவுத்திரம் என்ற தனிப்பெயர் நம்மிடம் இருக்கிறது. ரயில்வே சுவர்களிலும் மேம்பாலத் தூண்களிலும் "மூலம், பவுத்திரம்" என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். படிப்பவர் மனத்தில் இரண்டும் ஒரே நோயாகிவிடுகின்றன. மூலம் என்பது வீங்கிய இரத்தக் குழாய்கள். பவுத்திரம் என்பது குடலுக்கும் தோலுக்கும் இடையே சீழ் தோண்டிய பாதை. பெரும்பாலான பவுத்திரங்கள் ஆசனவாயில் உள்ள சுரப்பிகளின் தொற்றால் வருபவைதான். ஆனால் இளம் வயதில் மீண்டும் மீண்டும் வரும் பவுத்திரம், அதோடு எடைக்குறைவோ இரத்தச்சோகையோ பேதியோ இருக்குமானால், கிரோன் நோயைத் தேட அதுவே போதிய காரணம். குடலில் அறிகுறி தோன்றுவதற்குப் பல மாதங்கள் முன்பாகவே, சிலரில் ஆண்டுகளுக்கு முன்பாகவே, நோய் ஆசனவாயில் தலைகாட்டிவிடும். இவரிடமும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அடிக்கடி வரும் வாய்ப்புண்களையும், வீங்கி வீங்கித் தணியும் முழங்காலையும் அதற்குப் பிறகு கேட்டபோதுதான் சொன்னார். நாள்தோறும் ஐந்தாறு சிகரெட். தந்தை ஆறு ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுக் குணமானவர். ஒரே அறையில்தான் குடும்பம் முழுவதும் படுத்திருக்கிறது. மாலை நேரத்தில் லேசான காய்ச்சலும் அவ்வப்போது உண்டு.

காசநோயா, கிரோனா

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். குடலைக் காசநோய் தாக்கும்போது அது பெரிதும் விரும்பும் இடம் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் சந்திப்பு. கிரோன் நோய் பெரிதும் விரும்பும் இடமும் அதே சந்திப்புதான். 1913-ல் கிளாஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் டல்சீல் இத்தகைய நோயாளிகளை விவரித்தபோதே, பார்ப்பதற்குக் குடல் காசநோய் போலிருந்தும் அது வேறொன்று என்று கருதினார். கால்நடைகளுக்கு வரும் யோனே நோயோடு ஒப்பிட்டார். 1932-ல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளை விவரித்துக் கட்டுரை வெளியிட்ட பிறகு, அகர வரிசையில் முதலில் வந்தவரின் பெயரே நோய்க்கு நிலைத்தது. இரண்டையும் பிரித்தறியும் சிக்கல் இந்த நோய்க்குப் பெயர் வைக்கும் முன்பே தொடங்கிவிட்டது.

சென்னை மருத்துவர்களின் கண் காசநோய்க்குப் பழகியது. அதில் பெருமைப்படவும் இடமுண்டு. 1956-ல் இந்நகரில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளியைக் காசநோய் மருத்துவ விடுதியில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்பதை 1959-ல் உலகுக்குக் காட்டியது. அந்தப் பயிற்சியில் வளர்ந்த நாம், சந்திப்பில் புண்ணையும், திசுத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் கிரானுலோமா என்னும் அழற்சி அணுத் திரளையும் பார்த்தவுடன் காசநோய் மருந்தை எழுதுவது இயல்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாதபோது நோயாளி மாதக்கணக்கில் வீணாக மருந்து தின்பார். குடல் அதற்குள் சுருங்கத் தொடங்கிவிடும்.

இவரை அரசு மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். கடிதத்தில் எடை இழப்பையும் கால்புரோடெக்டினையும் எழுதியதோடு, பவுத்திரத்தை முதல் வரியிலேயே எழுதினேன். தந்தையின் காசநோயை இரண்டாம் வரியில் எழுதினேன். குழாய் விட்டுக் குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் மலக்குடல் இயல்பாக இருந்தது. ஏறு பெருங்குடலில் சிறு கொப்புளப் புண்கள் இருந்தன. அவற்றுக்கிடையே நல்ல சவ்வு. சிறுகுடலின் கடைப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் ஆழமான புண்கள். காசநோய்ப் புண்கள் பெரும்பாலும் குடலின் சுற்றளவை ஒட்டிக் குறுக்காக இருக்கும். சந்திப்பின் வால்வு வாய் திறந்து கிடக்கும். சி.டி. ஸ்கேனில் நீண்டதொரு பகுதி தடித்திருந்தது. அதற்கு மேலே தனியாக இன்னொரு பகுதியும் தடித்திருந்தது. நடுவில் அழுகிய நிணநீர்க் கணுக்களோ, வயிற்றில் நீரோ இல்லை. இருந்திருந்தால் அவை காசநோயின் பக்கம் வலுவாகச் சாய்த்திருக்கும். மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது. பயாப்ஸியில் சிறிய கிரானுலோமாக்கள் இரண்டு. பாலாடைக்கட்டி போன்ற சிதைவு இல்லை. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடித் திசுவில் செய்த ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனை இல்லை என்றது. ஆனால் குடல் காசநோயில் கிருமிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், அந்த "இல்லை" என்ற விடையை வைத்து மட்டும் காசநோயை ஒதுக்க முடியாது. "இருக்கிறது" என்று வந்தால்தான் அது முடிவான விடை. கிருமியை வளர்த்துப் பார்க்கும், ஆறு வாரங்கள் வரை காத்திருக்க வேண்டிய கல்ச்சர் பரிசோதனைக்கும் திசு போனது.

புண்ணின் வடிவமும் பவுத்திரமும் கிரோனைச் சுட்டின. கிரானுலோமாவும் காய்ச்சலும் தந்தையின் வரலாறும் காசநோயை விட்டுவிடக் கூடாது என்றன. கிரோன் நோய்க்கான மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்துபவை; உள்ளே காசநோய் மறைந்திருக்கையில் அவற்றைக் கொடுத்தால் அது உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே காசநோய் மருந்தைத் தொடங்கி, எட்டாவது வாரம் மீண்டும் கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறுகிறதா என்று பார்ப்பது எனச் சிறப்பு மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள். 46 கிலோ எடைக்கு உரியபடி அரசுத் திட்டத்தின் கூட்டு மாத்திரைகள் நாளுக்கு மூன்று.

எட்டு வாரங்கள்

இந்த எட்டு வாரங்களில் நோயாளி யாரிடம் இருக்கிறார் என்றால், எங்களைப் போன்ற முதல்நிலை மருத்துவர்களிடம்தான் இருக்கிறார். மறு பரிசோதனைத் தேதியை அவருடைய சிகிச்சை அட்டையின் மேல்பக்கத்தில் எழுதினேன். என் நாள்காட்டியிலும் குறித்தேன். வீட்டருகே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் ஸ்டீராய்டு ஊசியும் டைக்ளோஃபெனாக்கும் போட வேண்டாம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஸ்டீராய்டு இரண்டு நோய்களின் அறிகுறிகளையும் தற்காலிகமாக அடக்கிவிடும். அதன் பிறகு எந்த மருந்து வேலை செய்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது. வலிநிவாரணிகள் கிரோன் புண்ணைக் கிளறிவிடக்கூடும். மூட்டு வலிக்குப் பாரசிட்டமால் மட்டும்.

உணவைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. மகனுக்குச் சூடு என்று நம்பிய தாயார், எட்டு மாதங்களாக மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சியும் மோரும் மட்டுமே கொடுத்து வந்தார். அந்தப் பத்தியத்தில் அவருடைய அன்பு முழுவதும் இருந்தது. ஆனால் ஆல்புமின் 2.9-க்கு இறங்கியதில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது. காசிமேட்டில் மீன் வாங்கும் குடும்பம் அது. முள்ளில்லாத மீன் குழம்பு, அவித்த முட்டை, குழைந்த சோறு, இட்லி என்று மெல்ல மெல்லத் திரும்பக் கொடுக்கச் சொன்னேன். "மீன் சூடு இல்லியா சார்?" என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஐந்தாம் வாரத்தில் காய்ச்சல் நின்றது. எட்டாம் வாரத்தில் எடை ஒன்றரைக் கிலோ கூடியது. பேதி மூன்றாகக் குறைந்தது. "நல்லாத்தான் இருக்கேன், மறுபடியும் அந்த டியூப் எதுக்கு சார்?" என்றார். கொலோனோஸ்கோபி என்றால் குடலைச் சுத்தம் செய்ய முதல் நாள் லிட்டர் கணக்கில் மருந்துநீர் குடிக்க வேண்டும். இரண்டு நாள் சம்பளம் போகும். அவர் கேட்டது நியாயம். ஆனால் கிரோன் நோயாளிகள் சிலருக்கும் காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சலும் வலியும் தணிவதுண்டு. பசி திரும்புவதும் உண்டு. நோயாளி சொல்லும் சுகத்தை மட்டும் நம்பி மருந்தை ஆறு மாதங்களுக்கு நீட்டிவிடுவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு என்று நான் கருதுகிறேன். சி.ஆர்.பி. இன்னும் 29, கால்புரோடெக்டின் 760. அந்த இரண்டு தாள்களையும் அவர் முன் வைத்து, முதல் பரிசோதனைத் தாள்களோடு ஒப்பிட்டுக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்.

கொலோனோஸ்கோபியில் நீளப் புண்கள் அப்படியே இருந்தன, ஒன்று ஆழமாகியிருந்தது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக இருக்குமோ என்ற கேள்வியையும் எழுப்பி, அதற்கான தடயம் எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு, காசநோய் மருந்து நிறுத்தப்பட்டு, கிரோன் நோய் என்று முடிவு செய்யப்பட்டது.

சிகிச்சை

பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு 40 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 5 மில்லிகிராமாகக் குறைத்து எட்டு வாரங்களில் நிறுத்தப்பட்டது. கூடவே கால்சியமும் வைட்டமின் டி-யும். ஸ்டீராய்டு எரியும் நோயை அணைக்கும். நோயை அமைதியில் வைத்திருக்க அதனால் முடியாது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் நோய்க்குப் பயன்படும் மெசலசைனை வழக்கமாகச் சேர்த்து எழுதும் பழக்கம் இருக்கிறது, கிரோன் நோயில் அதனால் பெரிய பயன் இல்லை, இவருக்கு எழுதப்படவில்லை. இரும்பு நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. சிறுகுடலின் கடைப்பகுதியே வைட்டமின் பி12-ஐ உறிஞ்சும் இடம் என்பதால் அதையும் பரிசோதித்தோம், குறைவாக இருந்தது, ஊசி போட்டோம்.

எதிர்ப்புச் சக்தியைத் தாழ்த்தி நோயை அமைதியில் வைக்கும் அசத்தியோபிரின் 50 மில்லிகிராமில் தொடங்கப்பட்டது. ஆசியர்களில், இந்தியர்களிலும், என்.யு.டி.டி.15 என்னும் மரபணு மாற்றம் கொண்டவர்களுக்கு இந்த மருந்தால் வெள்ளணுக்கள் திடீரெனச் சரியக்கூடும். மரபணுப் பரிசோதனைக்கு வசதியில்லாதபோது இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் இரத்த அணுக்களை எண்ணிப் பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. அது முதல்நிலை மருத்துவரின் வேலை. மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தலைமுடி கொத்தாகக் கொட்டினால் அது வெள்ளணுச் சரிவின் முன்னறிவிப்பாக இருக்கலாம். உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருந்தேன். இவருக்கு அப்படி எதுவும் நேரவில்லை. அளவு 100 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது.

பவுத்திரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, மறைந்த சீழ்க்கட்டி இல்லை என்று பார்த்த பின், அறுவை மருத்துவர் பாதைக்குள் சீழ் தேங்காமல் வடியச் செய்யும் செட்டான் நூல் கோத்தார். நான்கு மாதங்களாகியும் கசிவு நிற்காததால், அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்தான அடாலிமுமாப் தொடங்குவது என்று முடிவானது. இந்த மருந்து உறங்கும் காசநோயை எழுப்பக்கூடியது; ஆகவே மார்பு சி.டி.யும் காசநோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்யப்பட்டன. இரண்டும் தெளிவாக இருந்தன. அப்படித் தெளிவாக இருந்தாலும் பின்னர் காசநோய் வரலாம் என்பதால், ஒவ்வொரு வருகையிலும் இருமல், காய்ச்சல், எடை மூன்றையும் பார்க்கிறேன். கல்லீரல் அழற்சி பி இல்லை என்று உறுதி செய்து, அதற்கான தடுப்பூசியும் நிமோனியாத் தடுப்பூசியும் போடப்பட்டன. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகள் இவருக்குக் கூடாது.

அடாலிமுமாப் முதலில் 160, இரண்டு வாரம் கழித்து 80, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். 2014 இறுதியில் இந்த மருந்தின் உயிரியொத்த வடிவம் (அசலுக்கு நிகரான, விலை குறைந்த மாற்று) இந்தியாவிலேயே தயாராகி வந்ததால்தான் இப்படியொரு குடும்பத்திடம் இதைப் பற்றிப் பேசவே முடிகிறது. ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. தடுப்பூசிகள் வைக்கும் என் கிளினிக் பெட்டியில் அது இருக்கிறது. ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து போட்டுக்கொள்கிறார்.

சிகரெட்டை விடுவதற்கு ஏழு மாதங்கள் ஆயின. கிரோன் நோயில் புகை மருந்தின் பலனைக் குறைக்கும், மறு அறுவையின் வாய்ப்பைக் கூட்டும் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடையில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் தானும் விட்ட பிறகுதான் இவர் விட்டார்.

இப்போதைய நிலை

பதினான்காம் மாதம் எடை 56 கிலோ, ஹீமோகுளோபின் 12.8, கால்புரோடெக்டின் 140. செட்டான் எடுக்கப்பட்டு பவுத்திரம் மூடியிருக்கிறது. கொலோனோஸ்கோபியில் புண்கள் பெரும்பாலும் ஆறியிருந்தன. இளம் ஆண்களில் அசத்தியோபிரினையும் அடாலிமுமாபையும் நீண்ட நாள் சேர்த்துக் கொடுப்பதில் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் அபாயம் இருப்பதால், அசத்தியோபிரின் நிறுத்தப்பட்டது.

சந்திப்பில் ஒரு சுருக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கொலோனோஸ்கோபிக் குழாய் அதைத் தாண்டிச் சிரமப்பட்டே நுழைந்தது. அது இன்னும் அழற்சியால் வந்த வீக்கமாக இருந்தால் மருந்தில் தணியும்; தழும்பாக இறுகியிருந்தால் பலூனால் விரிக்கவோ, அந்தத் துண்டை வெட்டி எடுக்கவோ வேண்டிவரும். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, பலாச்சுளை, தோலோடு சுண்டல் ஆகியவற்றை இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறேன். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாமல் போனால் கிளினிக்குக்கு வராமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று தாயாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். அடுத்த மாதம் குடலுக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன், தேதி அட்டையின் மேல்பக்கத்தில் எழுதியிருக்கிறது.